பச்சைப் பருந்து

நான் வடிவமைத்த முதல் சர்க்யூட் போர்டு வீடியோ கேம் இயந்திரத்துக்குள் அடங்கவில்லை. ஒரு கை நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் இயந்திரத்தின் பின்கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இரண்டு பால் பெட்டிகளை அடுக்கி, போர்டின் மிச்சத்தை அதன்மேல் கிடத்தினோம். மூன்றாவது பெட்டி எனக்கு நாற்காலி.

அது கடைச் சோதனை. புது விளையாட்டை விற்பதற்கு முன்னால் காசு போட்டு ஆடும் கேம் சென்டர் ஏதாவது ஒன்றில் மூன்று நாள் வைத்து, வருகிறவர்களை ஆடவிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் கம்பெனிக்கு எப்போதும் சென்னிச்சிமாயே கடைவீதியில் இருக்கும் கிங்யோ கேம் சென்டர்தான். ஜூன் மாதம், 1998. மழை விடவே இல்லை. ஆட வருகிறவர்களின் குடைகள் வாசலில் ஒரு வாளி நிறைய நின்றன.

விளையாட்டில் ஒரு பருந்து. புயலுக்குள் பறக்கிறது. எதிரிகள் சுடும் குண்டுகளுக்கு நடுவே இடைவெளி கண்டுபிடித்து நுழைய வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் குண்டுகள் பத்து இருபது அல்ல. ஒரே நேரத்தில் ஆயிரத்து இருநூறு. பழைய போர்டுகளால் அதை வரைய முடியாது. என் போர்டால் முடியும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அதை நம்பி எட்டுப் பேர் இரண்டு வருஷம் உழைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேனேஜர் இவாசே சார் முடிவு சொல்வார். சரி என்றால் திங்கள் காலை தொழிற்சாலைக்கு ஆர்டர் போகும். அங்கே விளையாட்டைச் சிப்பிலேயே வார்த்துவிடுவார்கள். வார்த்தபின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதனால் சின்னச் சந்தேகம் இருந்தாலும் அவர் சரி சொல்ல மாட்டார். வேண்டாம் என்றால் போர்டு போச்சு. போர்டோடு பருந்தும் போச்சு.

வார்க்கும்வரை விளையாட்டு இருந்தது இருபத்துநான்கு ஜன்னல் சிப்களில். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் விரல்நகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் உள்ளே ஒரு செவ்வகம் தெரியும். கோணம் மாறினால் பச்சை ஊதாவாகும், ஊதா பொன்னிறமாகும். விளிம்பிலிருந்து முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் இறங்கும். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் இதை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன்.

கல்லூரியில் இயற்பியலில் படித்ததுதான். அந்தச் செவ்வகத்தில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் அறைகள். ஒவ்வொரு அறையையும் சுற்றிக் கண்ணாடிச் சுவர். எலக்ட்ரான்களை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டால் அவற்றால் வெளியே வர முடியாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பத்து வருஷம், இருபது வருஷம். அறையில் எலக்ட்ரான் இருந்தால் பூஜ்யம். இல்லாவிட்டால் ஒன்று. பருந்தின் சிறகும் புயலின் சத்தமும் எல்லாம் இந்த இரண்டுதான். அழித்து மறுபடி எழுத வேண்டுமென்றால் ஜன்னல் வழியே புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். இருபது நிமிடம்.

படித்ததுதான். இருந்தும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது பழகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் நன்றாகப் போனது. குசாகா சான் முன்பக்கம் நின்றார். புரோகிராம் எழுதியவர் அவர். நாற்பத்தொரு வயது, எப்போதும் ஒரே சாம்பல் நிற ஜெர்க்கின். கையில் அட்டையும் பென்சிலுமாக, ஆடுபவர்களின் முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம். எனக்கு அது வசதி. யாரோடும் பேச வேண்டியதில்லை.

மூன்று ஐம்பதுக்கு முன்பக்கம் ஒரு குரல். "ஐயோ, நின்னுடுச்சு!"

நான் எழுந்து பார்த்தேன். பருந்து நடு வானத்தில் உறைந்து நின்றது. குண்டுகளும் நின்றன. ஒலிபெருக்கியில் ஒரே சுருதி நீண்டுகொண்டிருந்தது.

குசாகா சான் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏம்மா ஃபிஸிக்ஸ், எங்கயாவது கைய வச்சியா?"

"இல்லை குசாகா சான். தொடவே இல்லை."

"அப்போ பெருமூச்சு விட்டிருப்பே. உன் போர்டுக்கு அதுவே தாங்காது போல."

அணைத்துப் போட்டோம். ஓடியது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி நின்றது. இந்த முறை வேறு கட்டத்தில், வேறு இடத்தில். கடை மூடுவதற்குள் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் சிப்களைக் கழற்றிப் படிக்கும் கருவியில் வைத்து, ஆபீஸில் எழுதிய மூலத்தோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் பூஜ்யம். கோடிக்கணக்கான அறைகளில் ஒன்றுகூட மாறவில்லை.

"என் புரோகிராம் இல்லை," என்றார் குசாகா சான். "ஆபீஸ்ல இருநூறு மணி நேரம் நிக்காம ஓடிச்சு."

என் போர்டும் அதே இருநூறு மணி நேரம்தான் ஓடியது. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"சூடு," என்று அவரே முடிவு கட்டினார். "காலைல ஓடுது, மத்தியானம் நிக்குது. சூடு இல்லாம வேற என்ன?"

அதனால் சனிக்கிழமை இயந்திரத்தைச் சுவரிலிருந்து இன்னும் ஒரு அடி முன்னால் இழுத்தோம். பின்பக்கம் ஒரு மேசை மின்விசிறி வைத்தோம். கடையை நடத்தும் கினுயோ சான் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக்கூட இப்படி யாரும் விசிறி விட்டதில்லைப்பா," என்றார். "நல்லாப் பாத்துக்கோங்க. சாயங்காலம் பாலும் கொடுப்பீங்களா?"

அன்று ஒன்பது முறை நின்றது. காற்று ஜில்லென்று வந்தது. என் வெப்பமானி முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் நின்றது முதல் நாளைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் நேரத்தையும் வெப்பத்தையும் கட்டத்தையும் குறித்து வைத்தேன். கோடு போட்டுப் பார்த்தால் எதுவும் எதோடும் சேரவில்லை.

கேம் சென்டரில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் கட்டித் தொங்கும். ஆட வருகிறவர்கள் அதில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள்: வாங்கிய புள்ளி, திட்டு, படம். சனிக்கிழமை கூட்டம் குறைந்ததும் எடுத்துப் படித்தேன். இரண்டு நாளாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த ஒருவன் நெகி, அதாவது வெங்காயத்தாள், என்ற புனைபெயரில் எழுதியிருந்தான். ஒல்லியாக, பெயரைப் போலத்தான் இருப்பான். கல்லூரியை விட்டுவிட்டவன் என்று கினுயோ சான் சொன்னார்.

'மூன்றாவது கட்டத்தில் பருந்து ஒரு கணம் பச்சையாக மாறியது. சத்தியம். ரகசியப் பாத்திரமா?'

கீழே வேறொரு கையெழுத்து: 'எனக்கும் வந்தது! ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இடது பக்கம் போனால் வருகிறது.'

இன்னொன்று: 'இல்லை. ஒரு குண்டுகூடச் சுடாமல் இருக்க வேண்டும்.'

பச்சைப் பருந்தை வரவழைக்கும் வழிகள் இரண்டு பக்கத்துக்கு இருந்தன. ஒருவர் பருந்தைப் பச்சை மையால் வரைந்தும் வைத்திருந்தார்.

"பச்சைப் பருந்தே கிடையாது," என்றார் குசாகா சான். "நான் எழுதலை. இவனுங்களா கதை கட்டுறானுங்க. ரகசியம் இல்லைனா இவனுங்களுக்குத் தூக்கம் வராது."

நான் கதை என்று நினைக்கவில்லை. மூன்று பேர் ஒரே பொய்யைத் தனித்தனியாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு மேல் என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு இவாசே சார் வந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஈரக் குடையை வாளியில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்து போர்டைக் குனிந்து பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"இன்னைக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை சார். ரெண்டுமே மத்தியானத்துக்கு மேல."

"காரணம்?"

நான் குறித்து வைத்த தாளை நீட்டினேன். அவர் சிப்களைச் சுட்டினார். "ஏன் ஒண்ணுலகூட லேபிள் இல்லை?"

மற்ற குழுக்களில் சிப்பை எழுதியதும் ஜன்னலின் மேல் வெள்ளி நிற லேபிள் ஒட்டுவார்கள். விளையாட்டின் பெயர், தேதி. குசாகா சான் ஒட்ட விடமாட்டார். சிப்பின் விளிம்பில் பென்சிலால் எண் மட்டும் போடுவார்.

"முடியாத ஆட்டத்துக்குப் பேர் ஒட்டினா அது முடியாமலே போயிடும் சார்," என்றார் குசாகா சான். "ரெண்டு தடவை பட்டுட்டேன். மூணாவது தடவை பட மாட்டேன்."

"இப்போ மட்டும் முடிஞ்சுதா?"

குசாகா சான் தலையைச் சொறிந்தார். இவாசே சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குச் சொல்றேன். ஆனா நிக்கிற போர்டை நான் தொழிற்சாலைக்கு அனுப்ப முடியாது. அது உங்க ரெண்டு பேருக்குமே தெரியும்."

அவர் முன்பக்கம் போனார். குசாகா சான் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 

"ஏம்மா, கொரியர் கம்பெனில வேலை கிடைக்குமா?" என்றார். "எனக்கு மேப் நல்லாப் படிக்கத் தெரியும்."

நான் சிரிக்க முயன்றேன். அவர் எழுந்து போனார்.

எங்கள் இயந்திரத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஸ்டிக்கர் போட்டோ எடுக்கும் கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே நின்று படமெடுத்தால் சின்னச் சின்ன ஸ்டிக்கர்களாக வெளியே வரும். பள்ளிக்கூடப் பெண்கள் அதற்காகத்தான் இங்கே வருவார்கள். தொளதொளவென்ற வெள்ளைக் காலுறை, ஈரமான பை, ஓயாத பேச்சு. மூன்று நாளாக அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் எனக்கு மழைச் சத்தம் மாதிரி ஆகியிருந்தது.

மூன்று நாற்பதுக்கு ஆறு பேர் உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பேருக்கான கூண்டு.

"மிஹாரு, உன் முழங்கை என் மூக்குல இருக்குடி!"

"மூக்க உள்ள இழுத்துக்கோ!"

கூண்டின் இயந்திரக் குரல் எண்ணியது. மூணு. ரெண்டு. ஒண்ணு.

வெளிச்சம் வெட்டியது. முன்பக்கம் நெகி கத்தினான். "போச்சு! நின்னுடுச்சு!"

நான் நேரத்தைக் குறித்தேன். மூன்று நாற்பத்திரண்டு. குசாகா சான் அணைத்துப் போட்டார். பெண்கள் இன்னும் வெளியே வரவில்லை. கூண்டு மறுபடி எண்ணத் தொடங்கியது. மூணு. ரெண்டு. பென்சில் என் கையில் இருந்தது. ஒண்ணு.

வெளிச்சம். நின்றது.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நிற்கவில்லை. காலையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை இயந்திரத்தை முன்னால் இழுத்தோம். இழுத்ததால் பின்பக்கம் இன்னும் திறந்தது. அன்று இரண்டு மடங்கு நின்றது.

சிப்பை அழிக்க இருபது நிமிடம் வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் வெளிச்சத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அழிவது வேறு, கண் கூசுவது வேறு. சோலார் கால்குலேட்டரில் இருப்பதும் சிலிக்கான், இதில் இருப்பதும் சிலிக்கான். வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் பிறக்கும். ஜன்னல் திறந்திருக்கிறது. வெளிச்சம் உள்ளே போகிறது. அறைகளில் எலக்ட்ரான்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கும் கம்பிகளில் ஒரு கணம் வேறு மின்சாரம் ஓடுகிறது. ஒரு வரி தப்பாகப் படித்தால் போதும். புரோகிராம் எங்கோ போய்விடும், திரும்பி வரத் தெரியாது. படச் சிப் தப்பாகப் படித்தால் பருந்து ஒரு கணம் பச்சையாகும். மறு கணம் எல்லாம் பழையபடி. அதனால்தான் எந்த ஒப்பீட்டிலும் வித்தியாசம் வரவில்லை.

 குசாகா சான் மறுபடி போட்டதும், புரோகிராம் இருந்த நான்கு சிப்களின் மேல் உள்ளங்கையைப் பொத்திவைத்தேன். மூணு, ரெண்டு, ஒண்ணு. வெளிச்சம் என் விரல்களைச் சிவப்பாக்கிவிட்டுப் போனது. முன்பக்கம் நெகி ஆடிக்கொண்டே இருந்தான்.

நான் இவாசே சாரிடம் போனேன். சொன்னேன். குரல் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவர் குனிந்து, "இன்னொரு தடவை சொல்லு," என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

"போட்டோ வெளிச்சமா?"

"ஆமா சார்."

"ஏம்மா," என்றார் குசாகா சான், "வெயில்ல வச்சாலே அழிய வாரக்கணக்கு ஆகும்."

"அழியலை குசாகா சான். கூசுது."

இவாசே சார் குடையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். பெண்கள் அதற்குள் கூண்டை விட்டுப் போயிருந்தார்கள். அவரே கூண்டின் திரையை விலக்கி உள்ளே போய், காசு போட்டார். நான் ஓடிப் பின்பக்கம் போய், சிப்களிலிருந்து வருவதைக் குறித்துக்கொள்ளும் பதிவுக் கருவியைப் போர்டின் கம்பிகளில் மாட்டினேன். மூணு, ரெண்டு, ஒண்ணு.

ஒன்றும் ஆகவில்லை. பருந்து பறந்தது.

மறுபடி காசு போட்டார். மறுபடி ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது முறையும்.

அவர் வெளியே வந்தார். கையில் ஒரே மாதிரி முறைத்த முகம் நாற்பத்தெட்டு இருந்தது. "உரானோ," என்று என் பெயரைச் சொன்னார். கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மணி ஐந்து. நான் கூண்டையே பார்த்தேன். திரை தரைவரை நேராகத் தொங்கியது. அது ஏன் உறுத்துகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. அது நேராகத் தொங்கி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒரு முதுகோ ஒரு பையோ அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் நின்றால் மூடியிருக்கும். ஆறு பேர் நின்றால் திறக்கும். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் நிற்காதது அதனால்தான்.

பெண்கள் வாசலில் தக்கோயாக்கி என்ற சூடான மாவு உருண்டைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மழை விடக் காத்திருந்தார்கள் போல. நான் போய் அவர்கள் முன்னால் நின்றேன். ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"மன்னிக்கணும்... இன்னொரு தடவை போட்டோ எடுத்துக்க முடியுமா?"

"யாரோட, அக்கா? உங்களோடயா?"

"இல்லை. அவரோட."

அவர்கள் இவாசே சாரைப் பார்த்தார்கள்.

"அந்த மாமாவோடயா! சிரிப்பாரா அவர்?"

"தெரியாது," என்றேன். "நான் ரெண்டு வருஷமாப் பாத்ததில்லை."

மிஹாரு என்ற பெண் கடைசி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "அப்போ நாங்க சிரிக்க வச்சுக் காட்டுறோம். வாங்கடி!"

"உரானோ, இது வேணுமா?" என்று இவாசே சார் கேட்பதற்குள் அவரைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டார்கள். ஏழு பேர். திரை வயிறு மாதிரி உப்பியது. அதிலிருந்து அவருடைய கோட்டின் முதுகு வெளியே வந்தது.

"மாமா, விரல இப்படிக் காட்டுங்க! இல்லை, ரெண்டு விரல்!"

"இப்படியா?"

"அது திட்டுற மாதிரி இருக்கு!"

நான் பின்பக்கம் ஓடினேன். குசாகா சான் என் பக்கத்தில் வந்து குந்தினார். இருவரும் போர்டையே பார்த்தோம். முன்னால் நெகி நாலாவது கட்டத்தில் இருந்தான்.

மூணு. ரெண்டு. ஒண்ணு.

வெளிச்சம் உப்பிய திரையின் கீழிருந்து சுவரில் ஓடி, போர்டின் மேல் விழுந்தது. இருபத்துநான்கு ஜன்னல்களும் ஒரே கணத்தில் எரிந்தன. பச்சை, ஊதா, பொன். ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்தச் செவ்வகம் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நாள் ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்ததை மொத்தமாக ஒரே தடவை பார்த்தேன்.

"பச்சை!" என்று நெகி அலறினான். "பச்சைப் பருந்து! பாத்தீங்களா!" உடனே, "ஐயையோ, நின்னுடுச்சு."

குசாகா சான் வாயைத் திறந்தபடி இருந்தார்.

பதிவுக் கருவியில் அது இருந்தது. பதினாறு அறைகளிலிருந்து படித்த ஒரு வரி. ஐந்து இடத்தில் தப்பு. அடுத்ததும் அதற்கடுத்ததும் தப்பு. அப்புறம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கழிந்ததும், அதே அறைகளிலிருந்து எல்லாம் சரியாக வந்தன. ஆறு பெண்கள் சிரித்துக்கொண்டு எடுத்த ஒரு படத்தின் வெளிச்சம் பருந்தின் நினைவுக்குள் போய்விட்டு வந்திருக்கிறது. எதையும் கலைக்கவில்லை. ஒரு எலக்ட்ரானும் இடம் மாறவில்லை. நான் கருவியின் திரையை விரலால் தொட்டேன்.

இவாசே சார் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மூடிட்டுக் காட்டு," என்றார்.

பெட்டியிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தேன். முதல் ஜன்னலில் ஒட்டப் போனபோது குசாகா சான் என் கையைப் பிடித்தார்.

"இது லேபிள் இல்லை குசாகா சான். வெறும் டேப்."

"பேர் எதுவும் எழுதலையே?"

"எழுதலை."

"தேதி?"

"இல்லை."

"அப்போ ஒட்டு. ஓரத்த நல்லா அமுக்கு."

இருபத்துநான்கையும் ஒட்டினோம். பெண்கள் இவாசே சாரை மறுபடி இழுத்துப் போனார்கள். பன்னிரண்டு தடவை வெளிச்சம் வெட்டியது. கினுயோ சான் கல்லாவிலிருந்தே கூண்டுக்குக் காசு கொடுத்தனுப்பினார். "எடுங்க, எடுங்க. இந்த ஆளு முகத்த வாசல்ல ஒட்டி வச்சா ஒரு திருடனும் வர மாட்டான்."

பன்னிரண்டு தடவையும் பருந்து பறந்துகொண்டே இருந்தது.

"தொழிற்சாலையில வார்க்கிற சிப்புல ஜன்னல் இருக்காது," என்றார் இவாசே சார். கேள்வியா என்று தெரியவில்லை.

"இருக்காது சார். முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக். வெளிச்சம் போக வழியே இல்லை."

"நாளைக்குக் காலைல ஆர்டர் போகட்டும்." கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. "குடை," என்றார். அவருடைய குடை இவ்வளவு நேரமும் என் முழங்கையில் தொங்கியிருக்கிறது. கொடுத்தேன். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

ஆனால் அவர் போகவில்லை. முன்பக்கம் யாரும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

நெகி ஐந்தாவது கட்டத்தில் இருந்தான். மூன்று நாளில் ஒருவரும் அங்கே போனதில்லை. எப்போதும் அதற்குள் தோற்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். நான் பின்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். கூட்டம் வழிவிட்டது.

குண்டுகள் மேலிருந்து வரவில்லை. நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வட்டமாக விரிந்தன. வட்டத்துக்குள் வட்டம், அது திரும்பி எதிர்ப்பக்கம் சுழன்றது. வெள்ளையும் நீலமுமாகத் திரை முழுவதும் நிறைந்தது. ஆயிரத்து இருநூறு. அந்த எண் என் நோட்டில் ஒரு கோடு போட்டு எழுதிய விடையாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர்ந்தது. நொடிக்கு அறுபது தடவை வரைந்து, அழித்து, வரைந்து. போர்டு நொடிக்கு எழுபத்திரண்டாயிரம் தடவை அந்த அறைகளைத் தட்டிக் கேட்கிறது. எழுபத்திரண்டாயிரம் தடவையும் அவை சரியாகப் பதில் சொல்கின்றன. நடுவே பருந்து, ஒரு நகத்தின் அளவு இடைவெளியில், இடமாக ஒரு முடி, வலமாக ஒரு முடி.

நெகியின் கழுத்தில் வியர்வை வடிந்தது. அவன் கை நகர்வதே தெரியவில்லை.

"அக்கா," என்று மிஹாரு என் சட்டையைப் பிடித்து ரகசியக் குரலில் கேட்டாள். "இது நீங்க செஞ்சதா?"

"போர்டு மட்டும்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள். நானும் பார்த்தேன். பருந்து தப்பிய ஒவ்வொரு முறையும் கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்தது. குசாகா சான் குறித்துக்கொள்ளும் அட்டையை எங்கோ வைத்துவிட்டிருந்தார்.

நாற்பது நொடி தாக்குப் பிடித்தான். ஒரு நீலக் குண்டு சிறகைத் தொட்டது. பருந்து விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில், அடுத்து ஆடக் காத்திருப்பவர்கள் தங்கள் முறைக்காக வைத்திருந்த நாணயங்கள் மூன்று இருந்தன. முதல் நாணயம் டை கட்டிய ஒருவருடையது. அரைமணி நேரமாகக் காத்திருந்தார். நெகி எழுந்தான்.

அவர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தன் நாணயத்தை எடுத்து அவரே உள்ளே போட்டார்.

"நீயே ஆடுப்பா," என்றார். "நாங்க பாக்கிறோம்."